கனகசெட்டிக்குளத்தில் நின்ற வண்டி

புதுச்சேரி உப்பளம் பகுதியில் கார் வயரிங் பார்க்கும் ஜெய்னுலாபுதீனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோளாறைத் தன் கண்ணால் பார்க்காத வரைக்கும் வண்டியில் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற மாட்டார். "நேத்து நின்னுச்சு பாய், இன்னிக்கு நல்லா ஓடுது" என்று வருகிறவர்களை, "நல்லா ஓடுதில்ல, ஓட்டு. நிக்கும்போது போன் பண்ணு" என்று அனுப்பிவிடுவார். இதனாலேயே பாதிப் பேர் தட்டாஞ்சாவடிப் பக்கம் பெரிய பட்டறைகளைத் தேடிப் போய்விட்டார்கள். அங்கே உட்கார வைத்து, காபி கொடுத்து, நாலு பாகத்தை மாற்றி அனுப்புவார்கள். போனவர்களில் சிலர் ஆறு மாதம் கழித்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாயிடமே திரும்பி வருவதும் உண்டு.

கத்திரி வெயில் முடிந்தும் சூடு தணியாத ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு வடிவேல் வந்தான். சேதராப்பட்டுக்காரன், நாற்பது வயதிருக்கும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் முக்கால் காணி நிலமும் சொந்தமாக ஒரு ஏழு சீட்டு வெள்ளை வண்டியும் வைத்திருந்தான். சேதராப்பட்டுக் கம்பெனிகளுக்கு வருகிற ஆட்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்துக்கொண்டு வருவது தொழில்.

வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு இறங்கியவன், "பாய், நீ ரிப்பேர்லாம் ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு சீட்டு ஒண்டி எழுதிக் குடு" என்றான்.

"இன்னா சீட்டு?"

"இந்த வண்டில கோளாறு இருக்குது, ஓடும்போதே ரோட்ல நின்னுடுதுன்னு. உங் கடை சீல் வச்சு."

"யாரு கேட்டா? ஆர்.டி.ஓ.வா?"

"எம் பொண்டாட்டி."

கொட்டகையை ஒட்டித்தான் பாயின் வீடு. சமையலறை ஜன்னல் கொட்டகையைப் பார்த்துத் திறந்திருக்கும். அந்த ஜன்னலுக்குள்ளிருந்து அவர் மனைவி ஹாஜிரா சிரிக்கும் சத்தம் கேட்டது. வடிவேல் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

விஷயம் இதுதான். வடிவேல் முன்பு குடிப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குடித்துவிட்டு வண்டியை வாய்க்காலில் இறக்கினான். பின்சீட்டில் அவன் மகள் ஹேமலதா இருந்தாள். கையில் ஆறு தையல். மறுவாரமே கோயிலில் கயிறு கட்டிக்கொண்டான், அதன்பின் தொடவில்லை. அந்தக் கறுப்புக் கயிறு வெளுத்துப் போய் இன்னும் அவன் மணிக்கட்டில் இருந்தது. ஆனால் நாலு மாதமாக வண்டி புதிதாக ஒரு வியாதியைப் பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து வரும்போது, ஊருக்குப் பக்கத்தில், திடீரென்று எல்லா விளக்கும் எரியும், மீட்டர் முள் விழும், ஸ்டியரிங் இறுகிவிடும். ஓரம் கட்டி ஆஃப் செய்தால் மறுபடி பிடிக்காது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

"நின்ன எடத்துல சவாரி வேற வண்டி புடிச்சுப் போயிடுவாங்க பாய். நான் ஒண்டியா வண்டி கூடக் கெடந்துட்டு வூட்டுக்குப் போவேன். போனா, எங்கிருந்தன்னு கேப்பா. வண்டி நின்னுடுச்சும்பேன். எங்க நின்னுச்சும்பா. கனகசெட்டிக்குளத்துலம்பேன். அவ்ளோதான், மூஞ்சியத் திருப்பிக்கினு போயிடுவா."

பாய்க்குப் புரிந்தது. கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வடக்கு எல்லை. நம் ஊர் எல்லைகளுக்குப் பலகையே தேவையில்லை. கடைசிப் பத்துக் கடையும் அந்தக் கடையாகத்தான் இருக்கும்.

"சில நாளு நான் சொல்றதுக்கு முன்னாடியே அவளே சொல்றா பாய், இந்தக் கடைகிட்ட நின்னேன்னு. எவனோ சொந்தக்காரன் பாத்துட்டு வத்தி வைக்கிறான். போன வாரம் சொல்லிட்டா. இன்னொரு தபா இந்தக் கதையச் சொன்னீன்னா, பொண்ணக் கூட்டிக்கினு திருக்கனூர் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வர மாட்டேன்னு. அவ சொன்னா செய்வா." வடிவேல் தரையைப் பார்த்தான். "மூணு எடத்துல காட்டிட்டேன். மூணு பேரும் கோளாறு இல்லன்னு பில்லுல எழுதிக் குடுத்துட்டான். அதப் பாத்துட்டு அவ இன்னும் கெட்டியாயிட்டா."

"நானும் பாக்காம எழுத மாட்டேன் வடிவேலு."

"தெரியும் பாய். அதான் வந்தேன். நீ எழுதினா அவ நம்புவா."

பாய் ஸ்கேனரைச் சொருகினார். அழித்தும் அழியாமல் மிச்சமிருந்த பழைய கோளாறுக் குறிப்புகள் திரையில் வரிசையாக வந்தன. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தோ பாரு. வண்டில எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டரு, பிரேக்குக்கு ஒண்ணு, ஸ்டியரிங்குக்கு ஒண்ணு, இந்த மீட்டருக்கு ஒண்ணு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கினே இருக்கும். பேசறதுக்கு ரெண்டே ரெண்டு வயரு, ஜடை மாதிரி முறுக்கி ஓடும். இப்ப பிரேக்கு இன்னா எழுதியிருக்குதுன்னா, எஞ்சின் எங்கூடப் பேசலன்னு. ஸ்டியரிங்கும் அதேதான் எழுதியிருக்குது."

"அதப் பாத்துட்டுத்தான் பாய், எஞ்சின் கம்ப்யூட்டர மாத்துன்னான் ஒருத்தன்."

"எஞ்சினக் கேட்டானா அவன்? இங்க பாரு, எஞ்சின் இன்னா சொல்லுதுன்னா, யாருமே எங்கூடப் பேசலங்குது. அப்ப யாரு மேலயும் தப்பு இல்ல. நடுவுல அந்த ரெண்டு வயர்ல எவனோ பூந்துட்டான்."

"அப்ப சீட்டு?"

"பேட்டரியக் கழட்டி மாட்டினாலும் இதே குறிப்பு வரும். நின்னு நான் பாக்கணும்."

பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். அந்த இரண்டு வயருக்கு நடுவே அறுபது ஓம் இருக்க வேண்டும். அறுபதேதான் இருந்தது. எஞ்சின் பக்கத்து கனெக்டர்கள் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன. பாய்க்கு எரிச்சல் வந்தது. கோளாறு இருக்கிற வண்டியைவிட, கோளாறே இல்லாததுபோல் நடிக்கிற வண்டிதான் அவருக்குப் பிடிக்காது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சவாரியை விட்டுவிட்டு வடிவேல் வண்டியைக் கொண்டுவந்தான். பாய் பக்கத்தில் ஏறிக்கொண்டு, மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு போனார். ஒரு நாள் கடலூர், ஒரு நாள் திண்டிவனம், ஒரு நாள் மரக்காணம் தாண்டி உப்பளங்கள் வரைக்கும். பள்ளத்தில் இறக்கிப் பார்த்தார்கள். பிரேக்கை அழுத்திப் பார்த்தார்கள். வண்டி தங்கமாக ஓடியது. வியாழக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தபோது வடிவேலுக்குக் கண் கலங்கியே விட்டது.

"ஒரு வேள எனக்குத்தான் பைத்தியமா பாய்?"

ஹாஜிரா இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் வழியாக வண்டிக் கதை கேட்டுக் கேட்டு, அவளுக்கும் எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. செம்பை வைத்துவிட்டுப் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, மூணு நாளா சட்டைய முக்கிப் பிழிஞ்ச மாதிரில்ல வர்றீங்க. இந்த வண்டில ஏ.சி. இல்லியா?"

"இருக்குது. அவந்தான் போட மாட்டேங்கிறான்."

"சும்மா ஓட்டுறதுக்கு எதுக்குக்கா ஏ.சி.?" என்றான் வடிவேல். "டீசல் குடிக்கும். சவாரி ஏறினாத்தான் போடுவேன். எம் பொண்டாட்டி புள்ளைங்க ஏறினாக்கூடக் கண்ணாடிய எறக்கி விட்டுடுவேன். எல்லா டிரைவரும் அப்பிடித்தான்."

"சவாரி இல்லாம எப்பவாச்சும் நின்னிருக்குதா வண்டி?"

வடிவேல் யோசித்தான். "இல்லக்கா. போகும்போது காலியாப் போவேன், நிக்காது. வரும்போதுதான்..."

ஜெய்னுலாபுதீன் மோரைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். ஏ.சி. போடாமல், மூன்று நாளும் அவர் வேறு வண்டியில் அல்லவா போய்க்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குத் தன்மீதே கோபம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "இப்பத்தான் எனக்கும் தோணுச்சு" என்றார்.

"தோணும் தோணும்" என்றாள் ஹாஜிரா. "நாளைக்கு ஜும்மா முடிஞ்சு சோறு தின்னுட்டுக் கெளம்பலாம். நான் சவாரி. மரக்காணத்துல எங்க சின்னம்மாவப் பாத்து மூணு மாசமாச்சு. வடிவேலு, உன் வூட்டுக்காரியையும் கூட்டியா."

"அவ எங்கூடப் பேசறதே இல்லக்கா."

"நம்பரக் குடு."

வடிவேலின் மனைவி அஞ்சலாட்சியிடம் ஹாஜிரா என்ன பேசினாளோ தெரியாது. வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு, கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்த கையோடு அவள் உப்பளம் வந்து இறங்கினாள். ஒல்லியான, பேச்சுக் குறைந்த பெண். கையில் ஒரு துணிப்பை, அதில் வேகவைத்த மல்லாட்டை. புருஷனைப் பார்க்காமல் பின்கதவைத் திறந்து ஹாஜிரா பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் பாய். வடிவேல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைக் கடைசிவரை திருகினான்.

குளிர்காற்று முகத்தில் பட்டதும் அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வண்டி வாங்கி ஐந்து வருஷத்தில் அந்தக் காற்று அவள்மேல் படுவது அதுதான் முதல் தடவை. அதை வடிவேல் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

கடற்கரைச் சாலையில் காற்றே ஈரத்துணிபோல் இருந்த நாள் அது. கார்க் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்தது. காலாப்பட்டு போனது, கனகசெட்டிக்குளம் போனது, வண்டி நிற்கவில்லை. மரக்காணத்தில் ஹாஜிராவின் சின்னம்மா கறுத்த டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, இரண்டு முறை அழுது, ஒரு முறை சிரித்து அனுப்பினார். அங்கே நின்ற நேரமும் பாய் எஞ்சினை அணைக்க விடவில்லை, ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. "டீசல், டீசல்" என்று வடிவேல் முணுமுணுத்தான்.

திரும்பும்போது பின்சீட்டில் மல்லாட்டை உரிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு அவம்மேல நம்பிக்கையே இல்லியாம்மா?" என்று ஹாஜிரா மெதுவாகக் கேட்டாள்.

"நம்பித்தாங்க்கா பொண்ண ஏத்தி அனுப்பினேன், அன்னிக்கு" என்றாள் அஞ்சலாட்சி. "ஹேமா கையில தழும்பு அப்பிடியே கெடக்குது. தெனம் அதுலதான் வளையல் போட்டு உடுறேன். இவரு லேட்டா வந்தா எனக்குத் தூக்கம் போயிடுது. திட்டக்கூட முடியல. பயந்துக்கினே எத்தினி நாளு இருக்கிறது? அதுக்கு எங்கம்மா வூடே மேல்."

வடிவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினான். அவன் காது சிவந்திருந்தது.

கனகசெட்டிக்குளத்தின் முதல் வளைவு தாண்டியதும் டிக் என்று ஒரு சத்தம். டாஷ்போர்டு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. வேக முள் அறுபதிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது. வடிவேல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டி வளைத்து ஓரம் கட்டினான்.

"நின்னுச்சு!" என்று கத்தினான். "பாத்தியா பாய்! அஞ்சல, பாத்தியா! நின்னுச்சு!"

வண்டி நின்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட டிரைவரை அந்தச் சாலை பார்த்திருக்காது. பெருநாள் பிறை கண்ட முகத்தோடு பாய், "ஆஃப் பண்ணு. மறுபடி போடு" என்றார். வண்டி பிடிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய்.

அதே நேரம் அஞ்சலாட்சியின் துணிப்பைக்குள் போன் 'டிங்' என்றது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போட்டாள். ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம், சிவப்பு எழுத்தில் ஒரு மதுக்கடைப் பலகை. அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

பாய் டிரைவர் கதவைத் திறந்து, தார்ச்சாலை ஓரத்தில் மண்டியிட்டு, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்தார். மீட்டர் முனைகளை வைத்தார். "ரெண்டரை வோல்ட்டு கிட்ட இருக்கணும். ரெண்டு வயர்லயும் ஒம்போது காட்டுது. எங்கிருந்தோ பேட்டரி கரண்டு உள்ள வருது" என்றார். அப்போது அவர் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. டார்ச்சை மேலே அடித்தார். பிறகுதான் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார், ஐந்து நாளில் முதல் தடவையாக. அடிமூடியைக் கழற்றியதும் ஏ.சி. குழாய் தெரிந்தது. குளிர்ச்சி வெளியே போகாமலிருக்க அதன்மேல் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சை யாரோ பிய்த்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைச் செருகியிருந்தார்கள். மூடாத குழாய் கொட்டகைத் தகரம்போல் வியர்த்து, சொட்டுச் சொட்டாக ஒரு டேப் சுற்றிய முடிச்சின்மேல் விழுந்துகொண்டிருந்தது. டேப்பைப் பிரித்தார். பெட்டியிலிருந்து வந்த பேட்டரி வயரும், அந்த இரண்டு பேச்சு வயர்களும் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. செம்பு பச்சை பிடித்திருந்தது. ஏ.சி. நெடுநேரம் ஓடினால் முடிச்சு நனையும், வண்டி நின்று காய்ந்தால் சரியாகிவிடும்.

"இன்னா பாய் அது?" என்றான் வடிவேல் குனிந்து.

அது என்னவென்று பாய்க்குத் தெரியும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் பெட்டி. வடிவேலுக்குத் தெரியவில்லை என்பதும் தெரிந்தது. வெளியே தலையை எடுத்தவர் கண்ணில் அஞ்சலாட்சியின் முகம் பட்டது. இந்த இடத்தில்தான், வாழ்நாளில் பார்க்காததைச் சொல்லாத ஜெய்னுலாபுதீன் ஒரு பொய் சொன்னார்.

"கம்பெனிலயே வந்திருக்கும்."

"கம்பெனி இல்ல பாய்" என்றாள் அஞ்சலாட்சி. இறங்கி நின்றிருந்தாள். "நான்தான். பொங்கலுக்கு எந்தம்பி வெற்றிவேல உட்டு மாட்டச் சொன்னேன். இவரு மல்லாட்டைக் கொல்லைக்குப் போயிருந்தப்ப மாட்டினான்."

ஒரு பஸ் போனது. அவள் போனை வெளியே எடுத்து நீட்டினாள். திரையில் வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்திலேயே எதிர்க்கடையின் பெயர். "ஒவ்வொரு தபாவும் இப்பிடித்தான் காட்டும் பாய். கடை வாசல்ல ஒரு மணி நேரம் நிக்கறாருன்னு. நான் இன்னான்னு நெனைப்பேன்?" பெட்டியைக் காட்டினாள். "இது நின்னதே அதாலதானா?"

பாய் ஆமென்று தலையை ஆட்டினார்.

வடிவேல் போனைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். திரும்பி, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான்.

கடை முன்னால் லாரி ஒன்று நின்றிருந்தது. அவன் அதற்குப் பின்னால் மறைந்தான். "ஏ வடிவேலு!" என்று பாய் கூப்பிட்டார். ஹாஜிரா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அஞ்சலாட்சி கூப்பிடவில்லை. வண்டியின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு வருஷம், அந்தக் கயிறு, எல்லாவற்றையும் நானே கொண்டுபோய் அந்த வாசலில் விட்டுவிட்டேனே என்று நினைத்தபடி போனைப் பார்த்தாள். போனின் புள்ளி அதே இடத்தில் சிவப்பாக நின்றது. அது வண்டியைத்தான் காட்டும். ஆளைக் காட்டாது.

பத்து நிமிஷம் இருக்கும். லாரி கிளம்பிப் போனது. கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து வடிவேல் வந்துகொண்டிருந்தான். இரண்டு கையிலும் இரண்டிரண்டாக நாலு பன்னீர் சோடா. ஒவ்வொன்றாகப் பார்த்து நல்ல கூலிங்காக எடுத்து வந்திருப்பான்போல. முதல் பாட்டிலை அஞ்சலாட்சியிடம் நீட்டினான். அவள் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவனே மூடியைத் திறந்து கையில் வைத்தான்.

"குடி. மத்தியானம் நீ ஒண்ணும் துண்ணலன்னு தெரியும்" என்றான். பிறகு பாயிடம், "அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்றாத பாய். தண்ணி படாத எடமாப் பாத்து, ஒழுங்கா மாட்டிக் குடு. அவ தூங்கட்டும்" என்றான்.

"வேணாம்" என்றாள் அஞ்சலாட்சி.

"இருக்கட்டும் அஞ்சல. எனக்கொண்ணும் இல்ல."

"வேணாங்கிறேன்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாய் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது. பாய் பெட்டியின் வயர்களை நறுக்கி எடுக்க, அவள் அதை வாங்கித் துணிப்பைக்குள், மல்லாட்டைத் தோலோடு தோலாகப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சோடாவைக் குடித்தாள்.

பாய் பச்சை பிடித்த இடத்தை நறுக்கி, இரண்டு வயரையும் தனித்தனியாக இணைத்து, மறுபடி முறுக்கிக் கட்டினார். குழாய்க்கு ஹாஜிராவின் கைக்குட்டையைச் சுற்றினார். "நாளைக்குக் கடைக்குக் கொண்டா, ஈயம் வச்சு, ஸ்பாஞ்சு சுத்தித் தர்றேன். இப்ப சாவியப் போடு." ஒரே முறுக்கில் எஞ்சின் பிடித்தது. விளக்குகள் எல்லாம் அணைந்தன.

"சீட்டும் எழுதித் தர்றேன் வடிவேலு. கண்ணால பாத்துட்டேன்" என்றார் பாய், பேனாவைத் தேடிக்கொண்டே.

"யாருக்கு பாய்?" என்றாள் அஞ்சலாட்சி. "பாக்க வேண்டியவ நான்தான். பாத்துட்டேன்."

அவள் முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். பாய் பின்னால் போய் ஹாஜிரா பக்கத்தில் உட்கார்ந்தார். வடிவேலின் கை பழக்கத்தில் ஏ.சி.யை அணைக்கப் போனது, பாதியில் நின்றது, பிறகு அவள் பக்கத்துக் காற்றுத் துவாரத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டது.

"டீசல் போவுது" என்றாள் அஞ்சலாட்சி.

"போவட்டும்" என்றான் வடிவேல்.